முதல் வருடத்துத் திரை

ரயில் பெக்கோக் ஸ்டேஷனைத் தாண்டிய சற்று நேரத்தில் பிரேமலா இருக்கையிலிருந்து துள்ளி எழுந்து, "ஐயோ, நிறுத்துங்க!" என்று கத்தினாள்.

பெட்டியில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எதிரில் தூங்கிக்கொண்டிருந்த மலாய்க்காரப் பெண்மணி பதறிப்போய்த் தன் பையைத் தேடினாள். ரயில் மட்டும் எதையும் காதில் வாங்கவில்லை. புதிதாக ஓடத் தொடங்கியிருந்த மின்சார ரயில் அது. செம்பனைத் தோட்டங்களை இரண்டு பக்கமும் தள்ளிவிட்டுக்கொண்டு தெற்கே பறந்தது.

"சாரி, சாரி" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். நல்ல வேளையாக அவள் கைப்பேசியில் ஜன்னல் வழியாக வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். சிங்கப்பூரில் வேலை செய்யும் கணவன் ஹேமநாதனுக்கு, "பாருங்க, என்ன வேகம்!" என்று காட்டுவதற்காக எடுத்தது. சிகாமட்டில் சித்தி மகளின் நிச்சயதார்த்தத்தை முடித்துக்கொண்டு கூலாய்க்குத் திரும்பும் சனிக்கிழமைக் காலையில், வேறு என்ன வேலை?

வீடியோவைப் பின்னால் நகர்த்தினாள். மரம், மரம், மரம், ஒரு நீலத் தண்ணீர்த் தொட்டி, சாய்ந்து நின்ற தென்னை. அப்புறம் அது. தகரக் கூரை போட்ட ஓர் ஆட்டுக் கொட்டகை. அதன் பக்கவாட்டில், சாரலுக்கு மறைப்பாக, ஒரு கெட்டித் துணி தொங்கியது. துணியில் பொன்னிறத்தில் நாதஸ்வரத்தின் அகன்ற வாய். அதற்கு மேலே, பாதி மடிந்த சிவப்பு எழுத்துகள்: "முனை இ".

பிரேமலா வாயைப் பொத்திக்கொண்டாள். தென்முனை இசைவிழா. முதல் வருடத்துத் திரை!

செனாயில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கும் பிரேமலாவுக்கு அந்த விழா ஒரு பைத்தியம். 1999இல் செடெனாக் திடல் ஒன்றில் முதன்முதலாக நடந்தபோது அவள் பள்ளிக்கூடப் பெண். நாதஸ்வரமும் உருமியும் எலக்ட்ரிக் கிட்டாரும் ஒரே மேடையில் சேர்ந்து ஒலித்ததை அன்றுதான் முதல் முறையாகக் கேட்டாள். அதன் பிறகு ஒரு வருடமும் தவறவிடவில்லை. ஆதரவு குறைந்து விழா நின்றுபோன பிறகு, அதன் மிச்சங்களைத் தேடித் தேடிச் சேர்க்க ஆரம்பித்தாள். நுழைவுச் சீட்டுகள், தொண்டர்களின் மேலங்கிகள், பாடகர்கள் கைப்பட எழுதி மேடையில் ஒட்டிவைத்த பாட்டு வரிசைகள், உடைந்த டிரம் குச்சி ஒன்று. ஹேமநாதனின் கேமராவுக்காக வாங்கிய, ஈரம் புகாத கண்ணாடி அலமாரியில் இப்போது இவைதான் இருந்தன. கேமரா துணி அலமாரியில் சேலைகளுக்கு நடுவே குடியிருந்தது.

முதல் வருடத்துப் பொருள்கள் மட்டும் யாரிடமும் அதிகம் இல்லை. கடைசி நாள் அடித்த புயல்காற்றில் மேடையே சரிந்து, எல்லாம் சேற்றில் போய்விட்டது. மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த, கையால் தீட்டிய அந்தப் பிரம்மாண்டமான திரையைப் பற்றி, அன்றைக்கு அங்கே இருந்த எல்லோரும் இன்றும் பேசினார்கள். ஆனால் முழுத் திரையும் தெரிகிற புகைப்படம் ஒன்றுகூட இல்லை. எரிந்துவிட்டது என்றார் ஒருவர். மெர்சிங்கில் ஒரு படகுக்கு மேல் பார்த்தேன் என்று சத்தியம் செய்தார் இன்னொருவர்.

இத்தனை வருடம் கழித்து, ஒரு புதிய குழு அடுத்த மாதம் கூலாயில் விழாவை மறுபடியும் நடத்தப்போகிறது. பக்கத்து மண்டபத்தில் பழைய விழாக்களின் கண்காட்சி. இந்த நேரத்தில் இப்படி ஒரு தரிசனம்!

அவள் யோசிக்கவில்லை. வீடியோவிலிருந்து அந்தப் படத்தை எடுத்து, ஃபேஸ்புக்கில் இருந்த சேகரிப்பாளர்கள் குழுவில் போட்டாள். "கண்டுபிடிச்சிட்டேன்!!! முதல் வருஷத் திரை!!!"

போட்ட அடுத்த மூச்சில் தயானந்தன் ஞாபகம் வந்தது. "அலமாக்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழித்தாள்.

தயானந்தன் ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறை எஞ்சினியர். குளுவாங்கில் இருந்தார். தென்முனை விழாப் பொருள்களைச் சேர்ப்பதில் அவளுக்கு நிகரான ஒரே ஆள், அதனாலேயே ஒரே எதிரி. மூவாரில் ஒரு பழைய விழாக்குழு உறுப்பினரிடம் விழாக் கொடி இருக்கிறது என்று கேள்விப்பட்டு அவள் போய்ச் சேர்ந்தபோது, தயானந்தன் அதை மடியில் வைத்துக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பத்து பகாட் ஊரில் முதல் வருடத்து மேடை அனுமதி அட்டை கிடைத்தபோது அவள் முந்திக்கொண்டாள். அவர் ஒரு வாரம் குழுவில் யாருடனும் பேசவில்லை. நேரில் பார்த்தால் இருவரும் நன்றாகச் சிரித்துக்கொள்வார்கள்.

குளுவாங்கில் ரயில் நின்றதும் இறங்கிவிட்டாள். எப்படியாவது ஒரு வண்டி பிடித்துத் திரும்பிப் போவது என்று முடிவு. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால், வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாகத் தயானந்தன் நின்றுகொண்டிருந்தார்.

"வா, வா பிரேமலா. கார் அந்தப் பக்கம் இருக்கு."

"அங்கிள்! நீங்க எப்படி இங்க?"

"படத்துல ஜன்னல் கண்ணாடி தெரிஞ்சிச்சி. ட்ரெயின்ல இருந்து எடுத்திருக்க. இந்த நேரத்துக்குத் தெக்க வர்றது இது ஒன்னுதான். பதறிப்போயி இறங்குனா இங்கதான இறங்குவ?"

"நான் அழிச்சிட்டேனே!"

"நான் பாத்ததுக்கு அப்புறம் அழிச்ச." அவர் கண்கள் பளபளத்தன. "எந்த இடம்? சொல்லு, போலாம்."

அப்போதுதான் பிரேமலாவுக்கு உறைத்தது. மனிதருக்குத் திரை இருப்பது தெரியும், எங்கே என்று தெரியாது. செம்பனையும் ஆட்டுக் கொட்டகையும் இந்த ஜோகூர் மாநிலத்தில் எங்குதான் இல்லை? அவள் கைப்பேசியில் வாடகைக் கார் தேடினாள். பெக்கோக் பக்கம் வர ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. தயானந்தன் பொறுமையாக, கார்ச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு நின்றார்.

"சரி, வர்றேன்" என்றாள். "ஆனா எந்தப் பக்கம் திரும்பணும்னு நான் அப்பப்பதான் சொல்வேன். மொத்தமா சொல்ல மாட்டேன்."

"நல்லா கெட்டிக்காரி லா நீ" என்று அவர் கதவைத் திறந்துவிட்டார்.

கார் பாலோ சாலையில் ஏறியது. எழுபதை நெருங்கும் மனிதர் ஓட்டுகிற மாதிரி அவர் ஓட்டவில்லை. லாரிகளை முந்தினார். பிரேமலா மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"முதல்ல பாத்தது நான். அத முதல்லயே சொல்லிட்டேன் அங்கிள்."

"ஆனா கார் என்னோடது."

"கார் வச்சிருந்தா திரை உங்களோடதா? அப்ப ட்ரெயின்காரனுக்கும் ஒரு பங்கு குடுக்கணும்."

அவர் சிரித்துவிட்டார். பிறகு அவரே கேட்டார். "நெறம் எப்படி இருந்துச்சி? மங்கிப் போச்சா?"

"இல்ல அங்கிள். அந்தத் தங்க நெறம் அப்படியே மின்னுச்சி. வேகமா ஓடுற ட்ரெயின்லயே கண்ணுல அடிச்சிச்சின்னா பாருங்க."

"நான் அன்னிக்கு மழைக்கு அந்த மேடைக்குக் கீழதான் ஒதுங்கி நின்னேன், தெரியுமா? காத்துல திரை படபடன்னு அடிச்சிக்கிது. உருமிக்காரங்க வாசிக்கிறத நிறுத்தல. ரெண்டு சத்தமும் சேந்து..." சொல்லும்போதே அவர் கால் இன்னும் கொஞ்சம் அழுத்தியது.

"மெதுவா, மெதுவா! உயிரோட போய்ச் சேரணும்."

பெக்கோக்கை நெருங்கியதும் பெரிய சாலையை விட்டு, தண்டவாளத்தை ஒட்டிப் போன தோட்டப் பாதையில் இறங்கினார்கள். பிரேமலா வீடியோவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, வெளியே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். நீலத் தொட்டி ஒன்று வந்தது. பக்கத்தில் தென்னை இல்லை. இன்னொன்று வந்தது. அது பச்சை. பாதை ஓரிடத்தில் ஓடையில் முட்டி முடிந்தே போனது. பின்னால் வந்து வேறு பாதை பிடித்தார்கள். மறுபடியும் ஒரு தொட்டி.

"தென்னை! சாஞ்ச தென்னை! அங்கிள், அதேதான்!"

காரை அப்படியே நடுப்பாதையில் விட்டுவிட்டு இறங்கினார்கள். ஆடுகள் கத்தும் சத்தம் கேட்டது.

தயானந்தன் அவள் தோளைத் தொட்டு நிறுத்தினார். "கேளு. முகத்தச் சாதாரணமா வச்சுக்க. நாம திரைக்கு வந்தோம்னு காட்டிக்கக் கூடாது. ஆடு வாங்க வந்த மாதிரி பேசுவோம்."

"ஆடா? நீங்க சைவமாச்சே!"

"அது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

கொட்டகைக்கு முன்னால் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஓர் அம்மாள் குழாய்த் தண்ணீரில் தீவனத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். முண்டாசு கட்டியிருந்தார். பெயர் செல்வராணி என்பது பின்னால் தெரிந்தது. இவர்களைப் பார்த்ததும் குழாயை மூடிவிட்டு இடுப்பில் கைவைத்தார்.

"யாரு? மஜ்லிஸ்ல இருந்தா? கொட்டாய ரெண்டடி தள்ளிப் போடச் சொன்னாங்க, போட்டாச்சி."

"இல்லக்கா, நாங்க நகராட்சி மஜ்லிஸ் ஆளுங்க இல்ல" என்றாள் பிரேமலா. "ஆடு பாக்க வந்தோம்."

"கெடாவா, பொட்டையா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "நல்ல... ஆடா..." என்று தயானந்தன் இழுத்தார். செல்வராணி சந்தேகமாகவே அவர்களை அழைத்துக்கொண்டு மரப்படியில் ஏறினார். கொட்டகை தரையிலிருந்து உயர்த்திக் கட்டப்பட்டிருந்தது. உள்ளே நுழைந்த தயானந்தன், தலை இடிக்குமோ என்று மேலே பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அம்மாடி" என்றார்.

தகரத்துக்குக் கீழே, வெயில் சூடு இறங்காமலிருக்க, கூரை முழுக்க அந்தத் துணியை அடித்திருந்தார்கள். படம் உள்பக்கமாக இருந்தது. படம் தெரியும்படி வெளியே புரண்டு தொங்கியது அதன் ஓரம் மட்டும்தான். மீதி முழுவதும் அவர்கள் தலைக்கு மேலே விரிந்து கிடந்தது. நடுவில் எழும் சூரியன். அதன் கதிர்கள் ஒவ்வொன்றும் ஒரு செம்பனை மட்டை. இடப்பக்கத்திலிருந்து நாதஸ்வரமும் வலப்பக்கத்திலிருந்து கிட்டாரும் வாள்களைப் போலக் குறுக்கே பாய்ந்து மோதிக்கொண்டன. மோதும் இடத்துக்குக் கீழே ஓர் உருமி, அதிர்கிற தோலோடு. கீழே நீலக் கடல். சிலந்தி வலையும் ஒட்டடையும் மழைநீர்க் கறையும் இருந்தன. ஆனாலும் சிவப்பு சிவப்பாகவே இருந்தது. பொன் பொன்னாகவே இருந்தது.

முழுதாகப் பார்க்க நின்றால் போதவில்லை. பிரேமலா நிச்சயதார்த்தத்துக்குப் போட்ட சுடிதாரோடு ஆட்டுக் கொட்டகைப் பலகையில் மல்லாந்து படுத்துவிட்டாள்.

"அலமாக்! என்னம்மா பண்ற?" என்று செல்வராணி பதறினார். "ஆடு கீழ நிக்கிது, நீங்க ரெண்டு பேரும் மேல பாத்துக்கிட்டு!"

"அங்கிள், அந்த மூலையில பாருங்க. பேர் எழுதியிருக்கு."

தயானந்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "சின்னத்தம்பி ஆர்ட்ஸ், ஜோகூர் பாரு." என்று படித்தார். "யார் வரைஞ்சாங்கன்னு இத்தன வருஷமா நமக்குத் தெரியாதே, பிரேமலா! இப்ப தெரிஞ்சி போச்சி!"

அதோடு ஆடு நாடகம் முடிந்தது. இருவரும் ஒரே நேரத்தில், ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு, விழாவைப் பற்றியும் புயல் அடித்ததைப் பற்றியும் கொட்டித் தீர்த்தார்கள். செல்வராணி ஒரு தடியில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"எங்கண்ணன் லாரி ஓட்டுனாரு" என்றார் கடைசியில். "மேடைப் பலகை ஏத்துறதுக்குப் போனாரு. காத்துல விழுந்து கெடந்த துணிய, வேணும்னா எடுத்துக்கன்னு சொன்னாங்களாம். ரொம்ப நாள் ஸ்டோர்ல சுருட்டி வச்சிருந்தாரு. நான் கொட்டாய் போட்டப்ப இத வச்சிக்கன்னு குடுத்தாரு. படத்த வெளிய வச்சா போறவன் வர்றவன்லாம் நின்னு பாப்பான்னு உள்பக்கமா அடிச்சோம்."

"எனக்குக் குடுத்துடுங்கம்மா" என்றார் தயானந்தன். "என்ன கேட்டாலும் தர்றேன்."

"அக்கா, நான்தான் முதல்ல பாத்தேன். நான் அவரவிட மேலயே தர்றேன்."

"வீட்டுல தனி ரூம் இருக்கு எனக்கு. ஏர்கோன் போட்டு வச்சிருக்கேன்."

"எங்கிட்ட ஈரம் புகாத அலமாரி இருக்கு!"

"இந்தத் துணி உன் அலமாரிக்குள்ள போகுமா?"

செல்வராணி கையைத் தூக்கினார். இருவரும் வாயை மூடினார்கள். அவர் மெல்ல அண்ணாந்து, தன் கூரையை அன்றுதான் முதல் முறையாகப் பார்ப்பது போலப் பார்த்தார். தினமும் ஆடுகளுக்குத் தீவனம் போட வரும் இடம். தலைக்கு மேல் இருந்ததை ஒரு நாளும் அவர் ஒழுங்காக நிமிர்ந்து பார்த்ததில்லை.

"இது அவ்வளவு பெரிய சாமானா?"

"ரொம்பப் பெரிய சாமான் அக்கா" என்றாள் பிரேமலா. பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"அப்ப நான் ஏன் குடுக்கணும்?"

தயானந்தனின் முகம் வாடிப்போனது.

"குடுக்க மாட்டேன்" என்றார் செல்வராணி. "எரவல் தர்றேன். கண்காட்சில வைங்க. எம்பேர் போட்டு வைங்க. முடிஞ்சதும் எனக்கே திரும்பி வரணும். எப்படிக் கெடாம வச்சுக்கணும்னு நீங்க ரெண்டு பேரும் எனக்குச் சொல்லித் தரணும். ஆனா இத அவுக்குறதுக்கு முன்ன, என் ஆடுங்களுக்கு வேற கூரைத் துணி வேணும். சூடு தாங்காது அதுங்களுக்கு."

கிடைக்கவில்லை என்று வருந்துவதா, கிடைத்தது என்று குதிப்பதா என்று பிரேமலாவுக்குத் தெரியவில்லை. அவள் குதித்தாள். பலகை அதிர்ந்து ஆடுகள் கத்தின.

மறுநாள் காலையில் மூவரும் வேலையில் இறங்கினார்கள். தயானந்தன் சூடு தடுக்கும் வெள்ளித் தாள் சுருள்களையும், தடித்த நீண்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்றையும் காரின் மேல் கட்டிக் கொண்டுவந்தார். குழாயின் நுனியில் சிவப்புத் துணி பறந்தது. பிரேமலா பருத்திக் கையுறைகளும், ஆணி பிடுங்கியும், துவைத்த படுக்கை விரிப்புகளும் எடுத்துவந்தாள். துணியை மடிக்கவே கூடாது. மடித்தால் மடிப்பில் வண்ணம் உடைந்து உதிரும். குழாயில் விரிப்பைச் சுற்றி, படம் வெளிப்பக்கமாக இருக்கும்படி சுருட்ட வேண்டும். இதில் மட்டும் இருவருக்கும் ஒரு கருத்து வேறுபாடும் இல்லை. அது அவர்களுக்கே ஆச்சரியமாக இருந்தது.

செல்வராணி ஆடுகளை வெளியே ஓட்டினார். தொரை என்ற பெரிய கிடா மட்டும் போகமாட்டேன் என்று நின்றது. "தோட்டத்து தொரை மாதிரியே. சொன்னா கேக்காது" என்றார்.

ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். துருவேறிய ஆணி துணியைக் கிழித்துவிடாமல், தலையை வெட்டி, பின் மெதுவாக இழுத்து. பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. திடீரென்று செம்பனை மட்டைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. காற்று கொட்டகைக்குள் புகுந்ததும் திரை பாய்மரம் போல் உப்பியது.

"புடி, புடி!" என்று தயானந்தன் ஒரு மூலையில் தொங்கினார். பிரேமலா இரண்டு கையாலும் நடுவை அணைத்துக்கொண்டாள். தூசியும் ஒட்டடையும் முகத்தில் கொட்டின. செல்வராணி ஏணியில் ஏறிக் கடைசி ஆணிகளைப் பிடுங்கினார். முழுத் திரையும் மூவர் மேலும் சரிந்து இறங்கியது. பிரேமலா இருட்டில், பழைய எனாமல் பெயின்ட் வாசனையில், காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டு நின்றாள்.

அப்போது கீழே, துணி கிழிகிற சத்தம்.

"தொரை!" என்று அலறினார் செல்வராணி. கிடா திரையின் வலது ஓரத்தைக் கடித்து நிதானமாக மென்றுகொண்டிருந்தது. தயானந்தன் மண்டியிட்டு அதன் தாடையைப் பிடித்தார். "விடுடா! டேய், அது தொண்ணூத்தொம்போது! விடு!" கிடா ஒரு வாய் அளவு துண்டை விழுங்கிவிட்டு மீதியை விட்டது. போனது கடல்தான். நல்ல வேளை, ஓவியர் பெயர் எதிர் மூலையில் இருந்தது.

மழை தகரத்தில் விழுந்தபோது திரை குழாயில் சுருண்டு, பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது. கூரைக்குக் கீழே வெள்ளித் தாளை அடித்து முடித்த பிறகு, மூவரும் நனைந்துகொண்டே திரையைக் காரின் மேல் ஏற்றிக் கட்டினார்கள்.

அடுத்து வந்த வாரங்களில் குளுவாங்கில் தயானந்தன் வீட்டுக் கார்கூடம் மருத்துவமனை ஆனது. வேலை நாள்களில் அவர், சனி ஞாயிறுகளில் பிரேமலா. அவர் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரத்தை எடுத்துவந்தபோது அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் ஓடிப்போனது. மெல்லிய வலை ஒன்றைத் துணிமேல் விரித்து, அதன் வழியாகத்தான் தூசியை உறிஞ்சினார்கள். மென்மயிர்த் தூரிகையால் பூஞ்சையைத் தள்ளினார்கள். பிழிந்த பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தார்கள். ஒரு மாலை உருமியின் மேல் படிந்திருந்த கறுப்பு நீங்கியபோது, தோலின் மேல் ஓவியர் வைத்திருந்த சிறுசிறு வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. அது அதிர்வு. யாருக்கும் நினைவில் இல்லாத கோடுகள். தயானந்தன் உள்ளே போய் இரண்டு கோப்பை மைலோ கலந்து எடுத்துவந்தார்.

ஆடு கடித்த இடத்தில் ஒட்டுப்போட வேண்டும் என்றார் அவர். கூடாது என்றாள் அவள். தீர்ப்புக்குச் செல்வராணிக்குப் போன் போட்டார்கள். அவரே எப்படியும் தினமும் கூப்பிட்டு, "என் துணி எப்படி இருக்கு?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

"அப்படியே விடுங்க" என்றார் செல்வராணி. "நடந்தத ஏன் மறைக்கணும்?"

விழா நாளும் வந்தது. புதிய குழுவின் தலைவர் யோகேந்திரன், ஜோகூர் பாருவில் வழக்கறிஞர். திரையைப் பார்த்ததும் கைதட்டிக் குதூகலித்து, "இதையே மேடைக்குப் பின்னால மாட்டிடுவோம்!" என்றார்.

"கூடவே கூடாது!" என்றார்கள் பிரேமலாவும் தயானந்தனும் ஒரே குரலில். மண்டபத்தில், சாய்வான மரப்பலகைமேல், வெள்ளைத் துணி விரித்துத் திரையைக் கிடத்தினார்கள். பக்கத்தில் சிறிய அட்டை: "தென்முனை இசைவிழா, 1999. ஓவியம்: சின்னத்தம்பி ஆர்ட்ஸ். உடைமையாளர்: செல்வராணி, பெக்கோக். முதலில் மேடையில், பிறகு லாரிக்காரர் வீட்டில், பிறகு ஆட்டுக் கொட்டகையில். வலது ஓரத்துக் கடி: தொரை."

கதவு திறந்ததும் கூட்டம் நேராக அங்கேதான் வந்தது. "ஏய், இதுதான்! இதேதான்!" என்று ஒருவர் கத்தினார். நரைத்த தலைகள் பள்ளிப் பிள்ளைகளைப் போல முண்டியடித்தன. அன்றைக்கு வாசித்த உருமிக்காரர் ஒருவர் படத்தின் உருமிக்கு நேராக நின்று விரலால் காற்றில் தாளம் போட்டார். சின்னத்தம்பி ஆர்ட்ஸ் கடை ஜாலான் திருஸ் சாலைப் பக்கம் இருந்ததாக ஒரு பெண்மணி சொல்ல, தயானந்தன் அவரை ஓர் ஓரமாக அழைத்துப்போய்க் கேள்விமேல் கேள்வி கேட்டார்.

செல்வராணி அரக்குப் பட்டுப் புடவையில் திரையின் பக்கத்திலேயே நின்றார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொன்னார். ஒவ்வொரு முறையும் அந்தக் கதையில் காற்று கொஞ்சம் பலமாக அடித்தது. மத்தியானத்துக்குள் தொரை கிட்டத்தட்ட ஒரு புலி ஆகியிருந்தது. பிரேமலா திருத்தவில்லை. சிங்கப்பூரிலிருந்து வந்துவிட்ட ஹேமநாதன், சேலைகளுக்கு நடுவிலிருந்து மீட்ட கேமராவால், முழுத் திரையும் தெரியும்படி ஏணிமேல் நின்று படம் எடுத்தான். அப்படி ஒரு படம் அதுவரை உலகத்தில் இல்லை.

சாயங்காலம் வெளியே மேடையில் ஒலி சரிபார்க்கும் சத்தம் தொடங்கியபோது, செல்வராணி வரவேற்பு மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்தார். நுழையும்போது எல்லோர் கையிலும் கட்டிவிட்ட துணிப்பட்டை அவர் மணிக்கட்டை அரித்தது.

"வெட்டாதீங்க!" இரண்டு திசையிலிருந்தும் இரண்டு பேர் ஓடிவந்தார்கள்.

"இந்த வருஷத்துப் பட்டை அக்கா அது! வெட்டிட்டா போச்சி!" என்று பிரேமலா கையைப் பிடித்துக்கொண்டாள். தயானந்தன் ஒரு பானக் குழலை நீளவாக்கில் கீறி, பட்டையின் பூட்டுக்குள் மெதுவாக நுழைத்தார். பிரேமலா இழுத்தாள். ஒரு நூல்கூடப் பிரியாமல் பட்டை கழன்று வந்தது. செல்வராணி அதை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இத எதுல போட்டு வச்சா கெடாம இருக்கும்?"

இருவரும் சேர்ந்தே வாயைத் திறந்தார்கள். அதற்குள் வெளியே உருமி இறங்கியது. அதன்மேல் நாதஸ்வரம் ஏறியது. "அப்புறம் சொல்லுங்க, அப்புறம் சொல்லுங்க" என்று செல்வராணி பட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு, புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, அவர்கள் இருவருக்கும் முன்னால் வாசலைப் பார்த்து ஓடினார்.